மாமாவின் பிரேக்கும் மலைத் தீப மையும்

எங்கள் ஊரில் சுற்றுவது என்றால் மலையைச் சுற்றுவதுதான். பௌர்ணமி வந்தால் போதும், எங்கிருந்தெல்லாமோ ஜனங்கள் வந்து இறங்கி, செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு விடிய விடிய நடப்பார்கள். ஊரே இப்படி நடந்து புண்ணியம் தேடிக்கொண்டிருக்க, என் தாய்மாமன் மட்டும் சுற்றுவதற்காக ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருந்த கார் பந்தய டிராக் வரைக்கும் போய் வருவார்.

"சுத்தணும்னா இங்க மலை இல்லியாடா? பெட்ரோல் போட்டுனு அவ்ளோ தூரம் போவணுமா?" என்பாள் அம்மா.

"மலைய வேகமா சுத்துனா திட்டுவாங்கக்கா" என்பார் மாமா.

மாமாவுக்குச் செங்கம் ரோட்டில் கடை. ஆசிரமத்துக்கு வந்து மாதக்கணக்கில் தங்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கு ஸ்கூட்டர் வாடகைக்கு விடுவார். அதில் மிச்சம் பிடித்து வாங்கியதுதான் அந்தச் சிவப்புக் கார். பின் சீட்டில் பள்ளிக்கூடப் பையும் நானும் சேர்ந்து உட்கார இடம் போதாது. ஆனால் சாவியைத் திருகியதும் அது உறுமுகிற உறுமலில் எங்கள் தெரு நாய்கள் எழுந்து நின்று மரியாதை செய்யும். எனக்கு அப்போது பத்து வயது. அண்ணாமலையார் கோயில் தேருக்கு அடுத்தபடியாக நான் வாயைப் பிளந்து பார்த்த வண்டி அதுதான்.

எங்கள் வீட்டில் அம்மாவுக்குப் பயப்படாதவர்கள் யாரும் கிடையாது. வேங்கிக்காலில் அரசாங்க அலுவலகம் ஒன்றில் அவளுக்கு வேலை. மூக்குக்கண்ணாடிக்கு மேலே ஒரு பார்வை பார்த்தாளென்றால் வரிசையில் முண்டியடிப்பவர்கள் தானாகப் பின்னால் போவார்கள். அப்பா அப்போது மஸ்கட்டில் இருந்தார். போனில் அம்மா குரல் கேட்டால் அங்கே அவர் எழுந்து நின்றுதான் பேசுவார் என்று மாமா கேலி செய்வார். கேலி செய்கிற மாமாவும் அக்கா வேண்டாமென்றால் ஒரு டீ கூடக் குடிக்கமாட்டார். அவர் அரைக்கால் சட்டை போட்டிருந்த வயதிலேயே பெற்றவர்கள் இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சோறு ஊட்டியது, பள்ளிக்கூடம் அனுப்பியது, முதுகில் இரண்டு வைத்தது எல்லாம் அக்காதான்.

அந்த வருஷம் தீபாவளி கழிந்து டிராக்குக்குப் போன மாமா, கழுத்தைத் திருப்ப முடியாமல் திரும்பி வந்தார். விஷயம் இதுதான். சுற்றிச் சுற்றி ஓட்டியதில் பிரேக் சூடேறி, பிரேக் ஆயிலே கொதித்துவிட்டது. ஒரு வளைவில் பெடலை மிதித்தால் அது பஞ்சு மூட்டையை மிதித்த மாதிரி உள்ளே போய்விட்டதாம். கார் தடத்தை விட்டு இறங்கிச் சரளைக்கல்லில் புதைந்து நின்றது.

"நிக்கத் தெரியாத வண்டிக்கு வேகம் ஒரு கேடா? இனிமே அந்தப் பக்கம் போனே, அக்கான்னு கூப்புட்டுனு இந்த வாசல்ல வந்து நிக்காதே" என்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

மாமா வாதாடவில்லை. பிரேக்கை மாற்ற ஆரம்பித்தார்.

ஒவ்வொரு சாமானாகப் பார்சலில் வந்தது. ரப்பர் குழாய்க்குப் பதிலாக மேலே கம்பி பின்னிய குழாய். லேசில் கொதிக்காத பிரேக் ஆயில். சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் டிஸ்க் தட்டைக் கவ்விப் பிடிக்கிற புது பேடுகள். கடைசியாக முன் சக்கரங்களுக்கு இரண்டு பெரிய டிஸ்க்குகள். அவை பழைய வீலுக்குள் நுழையவே இல்லை. ஆனை வாங்கினவன் அங்குசத்துக்கு யோசிக்கலாமா? வீலையும் மாற்றினார்.

அந்த டிஸ்க்கை மாமா அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்தபோது நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். கல்யாண வீட்டு வெள்ளித் தட்டு தோற்றுப்போகும், அப்படி ஒரு பளபளப்பு. இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தேன், அம்மாடி, என்ன கனம்!

"வேகம் எங்கயும் காணாமப் போவாது பாப்பா. பிரேக் புடிச்சா அது சூடா மாறி இந்தத் தட்டுல வந்து உக்காந்துக்கும். தட்டு பெருசா இருந்தா ஜாஸ்தி சூடு தாங்கும்" என்றார் மாமா. அவ்வளவு வேகமும் வந்து உட்காருகிற இடம் என்றால் அது லேசுப்பட்ட இடமா? நான் அதைக் கீழே வைக்கும்போது தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

மாட்டி முடித்ததும் உடனே வேகமாக ஓட்டிவிடக் கூடாதாம். புது பேடும் புது டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழக வேண்டுமாம். "புதுசா கல்யாணம் ஆனவங்க கதை மாதிரி சொல்றான் பாரு" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஒரு விடியற்காலையில் மாமா என்னை ஏற்றிக்கொண்டு செங்கத்தைத் தாண்டி ஆளில்லாத சாலைக்குப் போனார். வேகம் எடுப்பார், பிரேக்கை அழுத்துவார், முழுக்க நிற்பதற்குள் விட்டுவிட்டு மறுபடி வேகம் எடுப்பார். முதலில் சுமாராகத்தான் பிடித்தது. போகப் போக, யாரோ பெரிய ஆள் பின்னாலிருந்து காரின் சட்டையைப் பிடித்து இழுத்தது போல் நின்றது. சீட் பெல்ட் என் நெஞ்சைக் கட்டிக்கொண்டது, பின் சீட்டில் கிடந்த தண்ணீர் பாட்டில் பறந்து முன்னால் வந்தது. ஓடுவதுதான் பெரிய வித்தை என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, நிற்பதைப் பார்த்து மயிர்க்கூச்செறிந்தது. வீடு வந்து சேரும் வரை பிரேக்கை அதிகம் தொடாமல், காற்றில் ஆறவிட்டுக்கொண்டே மெல்ல ஓட்டி வந்தார்.

"நிக்குதுக்கா. ஆணி அடிச்ச மாதிரி நிக்குது. பொங்கல் முடிஞ்சி ஞாயித்துக்கிழமை டிராக்ல வரச் சொல்றாங்க. போவட்டா?" என்று அன்றைக்கு மாமா கேட்டார்.

அம்மா கண்ணாடிக்கு மேலே பார்த்தாள். "நீ சொன்னா ஆச்சா? எனக்குக் காட்டு. ரோட்டுல ஒரு எலுமிச்சம்பழம் வெப்பேன். நான் சொல்ற எடத்துலதான் பிரேக் புடிக்கணும். பழம் நசுங்காம நின்னா போ. நசுங்குச்சோ, காரை வித்துட்டு வேற வேலையப் பாரு."

புதுவண்டிக்குப் பூஜை போட்டு எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றுகிறவர்களைத்தான் ஊரில் பார்த்திருக்கிறோம். ஏற்றாமல் நிற்கச் சொன்னவள் என் அம்மா ஒருத்திதான். மாமா சிரித்துக்கொண்டே சரி என்றார். நாள் மாட்டுப் பொங்கல் என்று குறித்தார்கள்.

மாடு இல்லாத எங்கள் வீட்டில் மாட்டுப் பொங்கலுக்கு வண்டிதான் மாடு. காலையில் மாமா காரைக் கழுவித் துடைத்து நிறுத்திவிட்டுக் குளிக்கப் போனார். நான் ஜன்னலில் இருந்தேன். அம்மா ஈரத்தலையோடு வெளியே வந்து பொட்டு வைத்தாள், பூ வைத்தாள், கற்பூரம் காட்டினாள். பிறகு புடவைத் தலைப்பிலிருந்து ஒரு சிமிழை எடுத்தாள். அதில் தீப மை இருந்தது. கார்த்திகையில் மலை உச்சியில் கொப்பரை நிறைய நெய்யும் துணியுமாக எரிகிறதே மகாதீபம், அது அடங்கியதும் எடுத்து ஆருத்ரா தரிசனத்துக்குப் பிறகு பிரசாதமாகக் கொடுக்கும் கரிய மை. எங்கள் ஊரில் அது நெற்றியில் இருந்தால் எமன்கூட யோசிப்பான் என்பார்கள். அம்மா அதைப் பரீட்சைக்குப் போகும்போது மட்டும் எனக்கு ஒரு கீற்று வைப்பாள், அவ்வளவு சிக்கனம்.

அன்றைக்குச் சிக்கனம் பார்க்கவில்லை. முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்து, வீலின் இடுக்கு வழியாக விரலை விட்டு, அந்த வெள்ளித் தட்டில் மையை வழித்து வழித்துப் பூசினாள். பிறகு எழுந்து அந்தப் பக்கச் சக்கரத்துக்குப் போனாள். உதடு அசைந்துகொண்டே இருந்தது. சிமிழ் காலியானதும் மலையைப் பார்த்துக் கும்பிட்டாள். நானும் ஜன்னலிலிருந்தே கும்பிட்டேன். இனி இந்தக் கார் நிற்காமல் எங்கே போய்விடும்!

வேங்கிக்காலுக்குப் பின்னால் அப்போதுதான் மனை போட்டிருந்தார்கள். வீடு ஒன்றும் வரவில்லை. தார் ரோடு மட்டும் நேராகக் கிடந்தது, இரண்டு பக்கமும் மனைக்கல், அதற்கப்பால் வேலிக்கருவை. எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான். மெதுவாக உருட்டிக்கொண்டு போனதால் மாமாவுக்கு வித்தியாசம் ஒன்றும் தெரிந்திருக்க வழியில்லை. அம்மா ரோட்டின் நடுவில் எலுமிச்சம்பழத்தை வைத்தாள். எந்த மனைக்கல் வந்ததும் பிரேக் பிடிக்க வேண்டும் என்று காட்டினாள். நானும் அவளும் ஓரத்தில் நின்றோம். மாமா தூரத்தில் போய்த் திரும்பி வேகம் எடுத்தார்.

கார் பாதி தூரம் வந்திருக்கும், அம்மா என் கையை விட்டுவிட்டு விறுவிறுவென்று நடந்துபோய் எலுமிச்சம்பழத்துக்குப் பின்னால் நடுரோட்டில் நின்றுகொண்டாள்.

"அம்மா, வந்துடும்மா!" என்று கத்தினேன்.

"சும்மா இருடி. அண்ணாமலையான் மைய வெச்சிருக்கேன். நிக்கும்" என்றாள். காரை அவள் பார்க்கக்கூட இல்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

காரின் மூக்கு தாழ்ந்தது. ஆனால் செங்கம் சாலையில் பார்த்த அந்தப் பெரிய ஆள் வரவில்லை. கார் வழுக்கிக்கொண்டு வந்துகொண்டே இருந்தது. கண்ணாடி வழியாக மாமாவின் முகம் தெரிந்தது, அப்படி ஒரு முகத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. எலுமிச்சம்பழம் நசுங்கியது. அதே நொடியில் மாமா ஸ்டியரிங்கை ஒடித்தார். அம்மாவின் புடவை காற்றில் அடிக்கிற அளவு நெருக்கத்தில் கார் திரும்பி, ஒரு மனைக்கல்லைப் பெயர்த்துக்கொண்டு வேலிக்கருவைக்குள் போய் நின்றது.

மாமா இறங்கி ஓடி வந்து அம்மாவின் தோள், கை, முகம் எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு திரும்பிப் போய்ச் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்தார். புகை வந்துகொண்டிருந்தது. கரிந்த நெய் வாசனை, கருவறை வாசனை. விரலை விட்டு எடுத்தார், விரல் கறுப்பாக வந்தது. முகர்ந்து பார்த்தார்.

"அது அம்மா வெச்ச மை, மாமா" என்றேன் பெருமையாக.

விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "பாப்பா, கார்ல தண்ணி பாட்டில் இருக்குது, எடுத்துனு வா" என்றார்.

நான் எடுத்து வந்தபோது அம்மா அழுதுகொண்டிருந்தாள். "பாத்தியாடா? தீப வாசன வருது பாத்தியா? சாமி வந்து நின்னுருக்குதுடா. மைதான்டா நம்மள காப்பாத்துச்சு. இல்லன்னா இன்னிக்கு இன்னா ஆயிருக்கும்!"

"ஆமாக்கா" என்றார் மாமா. "மைதான்க்கா."

"இவ்ளோ செஞ்சும் நிக்கல பாரு உன் பிரேக்கு. ஞாயித்துக்கிழமை நீ போவக் கூடாது."

"போவலக்கா."

மத்தியானம் கடையில் மாமா வீலைக் கழற்றினார். பேடுகளில் நெய் ஊறிப்போயிருந்தது. எண்ணெய்ப் பசை பட்டால் எப்பேர்ப்பட்ட பிரேக்கும் வழுக்கும் என்று அப்போதுதான் எனக்குச் சொன்னார். நான் துள்ளிக் குதித்தேன்.

"அப்போ உன் பிரேக்கு மேல தப்பே இல்ல மாமா! அம்மாகிட்ட சொல்லலாம். ஞாயித்துக்கிழமை போலாம்!"

மாமா என் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்தார். "அக்காகிட்ட சொல்ல மாட்டேன்னு சொல்லு."

"ஏன் மாமா?"

"சொல்லு பாப்பா."

சத்தியம் செய்தேன். மனசே ஆறவில்லை. எத்தனை நாள் உழைப்பு, எப்பேர்ப்பட்ட பிரேக், ஜெயித்துவிட்டுத் தோற்றதாக ஒத்துக்கொள்கிறாரே இந்த மனுஷன் என்று ஆத்திரமாக வந்தது.

சாயங்காலம் அம்மா யார் வீட்டிலோ கேட்டு இன்னொரு சிமிழ் மை வாங்கி வந்தாள். காருக்கு இன்னும் கொஞ்சம் வைக்க வேண்டுமாம். மாமா அவளுக்கு முன்னால் வந்து நின்றார்.

"சக்கரத்துக்கு வேணாம்க்கா. சேறு படுது, மலைத் தீபத்து மை, பாவம். எனக்கு வெய்யி" என்று தலையைக் குனிந்தார்.

அம்மா அவர் நெற்றியில் வைத்தாள். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை மாமா டிராக்குக்குப் போயிருக்கிறார். புது பேடு மாட்டி, மாசியில் எலுமிச்சம்பழம் நசுங்காமல் நிறுத்திக் காட்டி அனுமதி வாங்கிவிட்டார். அப்போது அம்மா ஓரத்தில்தான் நின்றாள், அதை மட்டும் மாமா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஒவ்வொரு தடவையும் புறப்படும்போது குனிவார், அவளும் வைப்பாள்.

அம்மா இப்போது ஓய்வு பெற்றுவிட்டாள். வீட்டுக்குப் புதிதாக யார் வந்தாலும் தீப மை தன்னையும் தம்பியையும் காப்பாற்றிய கதையைச் சொல்லாமல் விடமாட்டாள். மாமா பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கைக் கடித்தபடி "ஆமா, மைதான்" என்பார். போன பொங்கலுக்கு அம்மா என்னைச் சாட்சிக்கு இழுத்தாள். "இதோ இவளும்தான் இருந்தா. கேளுங்க. ஏன்டி, நீ பாக்கல?"

"பார்த்தேம்மா. மைதான் காப்பாத்துச்சு" என்றேன். மாமா என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

அன்றைக்கு, மையும் நெய்யுமாகக் கிடந்த அந்தச் சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பத்து வயதில், வாயை மூடிக்கொண்டு மாமா யாரைக் காப்பாற்றினார் என்பதெல்லாம் எனக்கு எங்கே தெரிந்தது? ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதுமே, அதைச் சொல்லக்கூட இவருக்கு வாய் வரவில்லையே, அக்கா என்றால் மாமாவுக்கு இவ்வளவு பயமா என்றுதான் நினைத்தேன்.