ஸ்கேன் வண்டி ஓட்டுநரின் மானம்

நுரையீரல் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் ஸ்கேன் வண்டியை ஓட்டுவது அவருக்கு வேலை. அந்த வண்டியின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு சிகரெட் பிடிப்பது அவருக்குப் பழக்கம். இரண்டையும் ஒரே சிரத்தையோடு செய்துவந்தார். மகள் பிறந்த அன்றைக்கே விட்டுவிட்டதாக மனைவியிடம் சொல்லியிருந்தார். இப்போது மகளுக்குக் கல்யாணமே ஆகிவிட்டது.

வண்டிக்குள் ஏறுகிறவர்களிடம் "எத்தனை வருஷமா பிடிக்கிறீங்க, ஒரு நாளைக்கு எத்தனை?" என்று கேட்கும் நர்ஸ், மனைவியின் கூடப்பிறந்த தங்கை. ஆகவே உலகத்தில் யார் வேண்டுமானாலும் அந்தப் படியில் ஏறலாம், அவர் மட்டும் ஏற முடியாது. இத்தனைக்கும் அவருடைய அண்ணன் இதே நோயில்தான் போனார். கண்டுபிடித்தபோது கைமீறிப் போயிருந்தது. அதை நினைத்தாலே ஓட்டுநருக்குப் பயம் வரும். பயம் தணிய இன்னொன்றைப் பற்றவைப்பார்.

ஸ்கேன் திட்டமும் லேசுப்பட்டதல்ல. யாருக்கு ஆபத்து அதிகமோ அவர்களுக்குத்தான் ஸ்கேன் என்று விதி. வந்து நிற்கிறவர்களோ காலை நடை முடித்துவிட்டு, இலவசம் என்றதும் குடும்பத்தோடு கிளம்பி வந்தவர்கள். பக்கத்தில் யாராவது தீக்குச்சி கிழித்தாலே மூக்கைப் பொத்துகிறவர்கள். திருப்பி அனுப்பினால், "எங்களைப் பாத்தா இளப்பமா?" என்று சண்டை. திட்டத்தை நடத்தும் பெரிய டாக்டர் கூட்டம் போட்டார். வண்டிப் பக்கத்தில் கட்டிய விளம்பரப் பேனரை இன்னும் அகலமாக்குவது என்று முடிவாயிற்று. அகலமான பேனர் நல்ல நிழல் கொடுத்தது. புகைக்கிறவர்கள் அதன் கீழே நின்று நிம்மதியாகப் புகைத்தார்கள்.

ஒருநாள் பெரிய டாக்டர் பொறுமையிழந்து மைக்கை ஓட்டுநர் கையில் திணித்தார். ஓட்டுநருக்குக் கணீரென்ற குரல்.

"பல வருஷமா பிடிக்கிறவங்களா? உடம்புக்கு ஒண்ணுமில்லைன்னு இருக்கீங்களா? அப்பதாங்க பாக்கணும்! வெக்கப்படாம வாங்க!"

நிழலில் நின்ற பெயிண்டர் ஒருவர் சிரித்தார். "அண்ணே, தினமும் எங்ககூட நின்னு ஊதுறீங்க. முதல்ல நீங்க ஏறுங்க, பின்னாடியே நாங்க வரோம்."

ஓட்டுநர் அவர் காதருகே குனிந்தார். "ஏறினா உள்ள மச்சினி கேப்பாய்யா. நான் இன்னும் விடலைன்னு வீட்டுக்குத் தெரிஞ்சா மானம் போயிடும்."

மைக்கை அணைக்க மறந்திருந்தார். மானம் தெருமுனை வரைக்கும் போனது.

மச்சினி படியில் வந்து நின்றாள். "அத்தான், ஏறுங்க."

"இல்லம்மா, அது சும்மா…"

"ஊருக்கே சொல்லியாச்சு. இனி என்னத்த மறைக்கப்போறீங்க? உங்க அண்ணனை அனுப்பின மாதிரி உங்களையும் அனுப்ப எங்களால முடியாது."

அவர் ஏறினார். சொன்ன சொல் தவறாமல் பெயிண்டரும் ஏறினார். அன்றைக்குத்தான் வண்டிக்கு வரவேண்டியவர்கள் வரிசையில் வந்தார்கள்.

ஓட்டுநரின் வலது நுரையீரலில் சின்னதாக ஒன்று தெரிந்தது. மேல்சோதனையில் புற்றுநோய்தான் என்று உறுதியாயிற்று. ஆரம்ப நிலை, அறுவை சிகிச்சையில் எடுத்துவிடலாம் என்றார்கள். பெரிய டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. திட்டத்தின் முதல் வெற்றி என்று கைகுலுக்கினார், அடுத்த பேனருக்குப் போட்டோ கேட்டார். நோயாளியைத் தவிர அந்த ஆஸ்பத்திரி அறையில் எல்லோருக்கும் சந்தோஷம்.

அவர்கள் போனபின் மனைவி கட்டிலருகே உட்கார்ந்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். சிகரெட்டை நான்…"

"தெரியும்."

"உன் தங்கச்சி சொன்னாளா?"

"உங்க சட்டையத் துவைக்கிறது யாரு? எனக்கென்ன மூக்கு இல்லையா? கேட்டா கூனிக்குறுகிப் போவீங்களேன்னுதான் வாயத் திறக்கல."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வண்டி வந்த முதல் நாளே தங்கச்சி கேட்டா, 'அத்தானையும் பாத்துடலாமாக்கா'ன்னு. 'அவர் விட்டு எத்தனையோ வருஷமாச்சுடி'ன்னு நான்தாங்க சொன்னேன்."