ஞாயிறு வானொலிக்கு வந்த அழைப்புகள்

அன்று அறையில் வானொலி நிலையத்து இத்தாலிய முதலாளி இருந்தார். செய்தி வாசிக்கும் மாஸ்டர் இருந்தார். ஊரில் செத்தவர்களின் பெயர் வாசிக்கும் அக்கா இருந்தார். டெலிபோன் எடுக்க நான் இருந்தேன்.

பலேர்மோவில் எங்கள் தமிழ் நிகழ்ச்சி ஞாயிறு பின்னேரம் அரை மணித்தியாலம்தான். யாழ்ப்பாணத்தில் சண்டை. கடிதம் வராது. கேட்பவர்கள் இன்று நிலையத்துக்கு டெலிபோன் எடுக்க வேண்டும், ஐம்பது அழைப்பாவது வராவிட்டால் நிகழ்ச்சியை நிறுத்துவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். மாஸ்டர் அதை ஒலிபரப்பில் சொன்னார். இரண்டு பேர் எடுத்தார்கள். பிறகு டெலிபோன் சும்மா கிடந்தது.

"சனம் வேலை வீட்டுக் குசினியிலை சமைச்சுக்கொண்டு நிண்டெல்லோ கேக்குது," என்றார் அக்கா. "அங்கை வீட்டுக்காரச் சினோராமார் டெலிபோனைப் பூட்டி வைச்சிருக்கினம்."

"அதை இவருக்குச் சொல்லுங்கோவன் மாஸ்டர்," என்றேன்.

மாஸ்டர் இத்தாலியனில் சொன்னார். முதலாளி மணிக்கூட்டைப் பார்த்தார்.

நிகழ்ச்சி முடியும் நேரத்தில் டெலிபோன் மணி அடித்தது. ஒரு பெண் மூச்சு வாங்கக் கதைத்தாள்.

"அண்ணை, குப்பை கொட்டப் போறன் எண்டு சொல்லிப்போட்டு றோட்டு டெலிபோனுக்கு ஓடி வந்தனான். நிப்பாட்டிப் போடாதேங்கோ. அம்மான்ரை பேர் வாசிக்கேல்லை எண்டால்தான் எனக்கு அந்தக் கிழமை முழுக்க நித்திரை."

காசு முடிந்து லைன் அறுந்தது.

முதலாளி என்னிடம் எத்தனை என்று கேட்டார்.

மூன்று.