கை காட்டாமல் திருப்பிய கார்

வருசக் கணக்காகக் காத்திருந்த என் மனைவிக்குச் சவளக்கடைப் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் வேலை கிடைத்தது. அதே மாதத்தில்தான் எனக்குக் கண் ஒப்பரேசனும் நடந்தது. கொஞ்ச காலத்துக்கு வாகனத்தைத் தொடக் கூடாதென்று டொக்டர் சொல்லிவிட்டார். எங்கள் ஊர் கல்முனைக்குடியிலிருந்து போகும் பஸ் அந்தப் பள்ளிக்கூடம் வரைக்கும் போகாது. இறங்கி, வயல்வெளியால் நெடுந்தூரம் நடக்க வேண்டும். அவளுக்கோ முழங்கால் வலி.

லைசன்ஸ் எடுத்திருந்தாள். ஆனால் அகலமான மைதானத்தில் ஓடிக்காட்டி எடுத்த லைசன்ஸ். நேராகப் போவாள், பிரேக் பிடிப்பாள். பள்ளிக்கூடத்து வீதி மாதிரி ஒடுக்கமான இடத்தில் காரை வந்த வழிக்குத் திருப்ப மட்டும் வராது.

"பள்ளிக்கூடம் தொடங்குறதுக்குள்ள திருப்பப் பழகல்லெண்டா வேலை வேணாமெண்டு சொல்லிருவன்," என்றாள். அவள் சும்மா சொல்கிறவள் இல்லை.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு லொறியில் ஏறியவன். ஓட்டத் தெரியும். சொல்லிக்கொடுக்கத் தெரியுமா என்பது எனக்கே சந்தேகம். அதிலும் பயந்த சுபாவம். வீட்டைப் பூட்டிவிட்டு முச்சந்தி வரை போனவன் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். அவள் ஓட்டும்போது பக்கத்தில் இருந்தால், பிரேக் இல்லாத இடத்தில் என் கால் தரையை மிதித்துக்கொண்டே இருக்கும்.

முதல் பாடம் எங்கள் வீட்டு முன்னால் உள்ள ஒடுக்கமான ஒழுங்கையில். இரண்டு பக்கமும் மதில், ஒரு பக்கம் வடிகான். எங்கள் ஒழுங்கையில் ஒரு கார் பின்னுக்கு வந்தால் போதும், ஆம்பிளைகள் வெளியே வந்து கை காட்டத் தொடங்கிவிடுவார்கள். யாரும் கூப்பிடத் தேவையில்லை. கை காட்டாமல் நின்று பார்ப்பதுதான் மரியாதைக் குறைவு. அன்றைக்கும் ஒழுங்கைக்கே அண்ணன் மாதிரியான தையல்கடைக் காக்கா ஊசியைச் சட்டையில் குத்திக்கொண்டு வந்தார். மீன்காரர் சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு வந்தார்.

"வா, வா, இன்னும் வா. இடம் ஊருப்பட்டது கிடக்கு," என்றார் காக்கா.

"போதும் ராத்தா, போதும். ஸ்டியரிங்க ஒடிங்க," என்றார் மீன்காரர்.

"எந்தப் பக்கம் ஒடிக்கிற?" என்று கேட்டாள் இவள். காக்கா வலப்பக்கம் காட்டினார், மீன்காரர் இடப்பக்கம் காட்டினார். நான் உள்ளேயிருந்து இரண்டு கையையும் ஆட்டினேன். காரின் பின்பக்கம் முன்வீட்டுக் கேற்றுத் தூணில் போய் முட்டியது.

"நான் நிக்கச் சொல்லக்குள்ள வந்திட்டா," என்றார் காக்கா.

"நீங்க எப்ப காக்கா நிக்கச் சொன்ன? கடைசி வரைக்கும் வா வா எண்டுதானே கை காட்டின," என்றார் மீன்காரர்.

தூணுக்கு ஒன்றும் ஆகவில்லை, காரில்தான் ஒரு நெளிவு. இரவுச் சாப்பாட்டின்போது அவள் சோற்றைப் பிசைந்தபடி சொன்னாள். "ஒராள் வா எண்டுறார். ஒராள் போதும் எண்டுறார். நான் ஆருட கையப் பாக்குற? கண்ணாடியப் பாக்க எனக்கு எங்க நேரம்?"

"அவங்க உதவிக்குத்தானே வந்த."

"ஓம். உங்கட கையும் உதவிக்குத்தான். அதுதான் எல்லாத்தையும் விடக் கூட ஆடுது."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் உண்மை அதுதான். நான் அவளைத் திருப்பப் பழக்கவில்லை. என் கையைப் பார்க்கத்தான் பழக்கியிருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை காலையில் அந்தப் பள்ளிக்கூடத்து வீதிக்கே போனோம். வலப்பக்கம் வாய்க்கால். விதைப்புக் காலம், தண்ணீர் கரைமுட்டி ஓடியது. இடப்பக்கம் களத்துமேட்டுக் கட்டாந்தரை. காரை இடது ஓரத்தில் நிறுத்தச் சொல்லி, வீட்டில் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். "ஆபத்து எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்துக்குக் காரின்ட மூஞ்சியக் குடு. முன்னுக்கு இரிக்கிறது கண்ணுக்குத் தெரியும். வாலை மட்டும் வாய்க்கால் பக்கம் விட்டிராத. சக்கரம் உருளக்குள்ளதான் ஸ்டியரிங்க ஒடிக்கணும், நிண்டுகிட்டு ஒடிக்கப்படாது. ஒவ்வொருக்காவும் நிப்பாட்டி, கை பிரேக்கைப் போட்டு, ரெண்டு தோளுக்கு மேலாலயும் பார். ஒரே தரத்தில திரும்பணுமெண்டு ஒரு சட்டமும் இல்ல."

"சரி. இப்ப இறங்குங்க," என்றாள்.

இறங்கி, தூரத்தில் ஒரு மருதமரத்தடியில் நின்றேன். தொழுகையில் கட்டுவதுபோல நெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டேன். கட்டாவிட்டால் அது தானாக எழும்பிவிடும்.

கார் வாய்க்காலைப் பார்த்துத் திரும்பியது. முன்சக்கரம் கரைக்குப் போகுமுன் நின்றது. கை பிரேக் இழுபடும் சத்தம் கேட்டது. அந்த நேரம் பார்த்து ஒரு ட்ரக்டர் வந்து நின்றது. அதை ஓட்டி வந்தவர் இருக்கையிலிருந்தபடியே கையைத் தூக்கி, "வா தங்கச்சி, பின்னுக்கு வா வா," என்று தொடங்கினார்.

அவள் கண்ணாடியை இறக்கினாள். "காக்கா, கை காட்ட வேணாம். நான் பாத்துத் திருப்புறன். கொஞ்சம் சுணங்கும்."

அவர் என்னைப் பார்த்தார். நான் கட்டிய கையை அவிழ்க்கவில்லை. சிரித்துவிட்டு என்ஜினை நிறுத்தினார். "திருப்புங்க, திருப்புங்க. நெல்லு விதைச்சு விளையிற வரைக்கும் எனக்கு நேரம் இரிக்கி."

அவள் அவசரப்படவில்லை. பின்னுக்கு வந்தாள், நிறுத்தினாள், பார்த்தாள். முன்னுக்குப் போனாள். போதவில்லை. மறுபடியும் பின்னுக்கு வந்தாள். கடைசியில் கார் ஊரைப் பார்த்து நின்றது.

திங்கட்கிழமை தனியாகப் போனாள். அன்று பகல் முழுக்க நான் கேற்றடிக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். லுஹர் தொழுகையில் எத்தனை றக்அத் தொழுதேன் என்று சந்தேகம் வந்து, திரும்பவும் தொழுதேன்.

பள்ளிக்கூடம் விட்டுக் கொஞ்ச நேரம் கழித்து, கார் ஒழுங்கைக்குள் வந்தது. அப்படியே கேற்றுக்குள் விட்டிருக்கலாம். அவள் விடவில்லை. வீட்டு முன்னால் நிறுத்தி, திருப்பத் தொடங்கினாள். தையல்கடைக் காக்கா வழக்கம்போலக் கையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"கையக் கட்டுங்க காக்கா," என்றேன்.

"ஏன்டாப்பா, ஆராச்சும் மௌத்தாகி மையத்துத் தொழுகையா?" என்று கேட்டவர், என்னைப் பார்த்துவிட்டுத் தானும் கட்டிக்கொண்டார். இரண்டு பேரும் மதிலோரம், தொழுகைக்கு வரிசை கட்டியதுபோல, ஒரு சப்பில் நின்றோம்.

கார் நிதானமாகத் திரும்பி, பெரிய வீதியைப் பார்த்து நின்றது, நாளைக் காலையில் அப்படியே எடுத்துப் போகிறமாதிரி. அவள் காரின் திறப்பை உருவிக்கொண்டு இறங்கினாள்.

"தேத்தண்ணி போட்டீங்களா?" என்று கேட்டாள்.