மேடையில் கேட்டு வாங்கிய அடையாள அட்டை

யுத்த காலத்தில் கண்டிப் பக்கத்து ஆசிரியர் கலாசாலை ஒன்றில் நாடகம் சொல்லிக்கொடுத்தேன். சொல்லிக்கொடுத்தேன் என்பதைவிடக் கத்தினேன் என்பதுதான் சரி. ஒத்திகை என்றால் ஒரு நிமிடம் கதிரையில் உட்கார மாட்டேன். மிஸ்ஸுக்குக் காலில் சக்கரம் என்று பிள்ளைகள் என் காதுபடவே சொல்வார்கள்.

அந்த வருடம் எடுத்துக்கொண்ட விஷயம் காதல். காதலித்தால் எல்லாவற்றுக்கும் தலையாட்ட வேண்டுமா, ஒருத்தி வேண்டாம் என்றால் அதற்கு மேல் என்ன பேச்சு என்பதையெல்லாம் இருபது வயசுப் பிள்ளைகளுக்கு விரிவுரையாகச் சொன்னால் ஒருவரும் கொப்பியிலிருந்து தலை நிமிர்த்த மாட்டார்கள். அதனால் பாதியில் நிறுத்தக்கூடிய நாடகமாகப் போட்டோம். பார்க்கிறவர்களில் யாருக்காவது மனசு பொறுக்காவிட்டால் "நிறுத்துங்க" என்று குரல் கொடுக்கலாம். மேடைக்கு ஏறி வந்து, கதாநாயகியை ஒதுக்கிவிட்டு, அவள் இடத்தில் தாங்களே நின்று பேசிப் பார்க்கலாம். ஆனால் நிறுத்துகிற உரிமை பார்ப்பவர்களுக்கு மட்டும்தான். நடிக்கிறவர்கள் நினைத்த இடத்தில் நிறுத்தினால் எல்லாம் குழம்பிவிடும் என்று நான்தான் அப்படி ஒரு சட்டம் வைத்திருந்தேன்.

கதாநாயகி மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்துப் பெண். கதாநாயகன் யாழ்ப்பாணத்துப் பையன். நிஜத்திலும் இரண்டு பேரும் காதலர்கள். அப்பாடா, இவர்களுக்கு நடிக்கவே தேவையில்லை என்று நான் சந்தோஷப்பட்டேன். எனக்கும் புத்தி அவ்வளவுதான்.

வெளியே நாடகம் போட வேனில் போவோம். வழியில் சோதனைச் சாவடி இருக்கும். நான் கண்டி டவுனிலேயே, மஹய்யாவையில் பிறந்து வளர்ந்தவள், சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. அதனால் எல்லாருடைய ஐசியையும், அதாவது அடையாள அட்டைகளையும், முன்கூட்டியே வாங்கி, ஒரு ரப்பர் வளையம் போட்டு, இறங்கிப் போய் நானே ஆமிக்காரனிடம் நீட்டுவேன். "மே ஒக்கொம அபே ளமய்" என்பேன், இவர்கள் எல்லாம் நம்ம பிள்ளைகள் என்று. அவன் எண்ணிப் பார்த்துவிட்டு விடுவான். திரும்பி வந்து ஒவ்வொருவரிடமும் அட்டையைக் கொடுப்பேன்.

முதல் தடவை கொடுத்தபோது யாழ்ப்பாணத்துப் பையன் கையை நீட்டினான். "அவவின்ட ஐசியையும் தாங்கோ மிஸ். அவ எங்கயாவது துலைச்சுப்போடுவா. என்னட்ட இருக்கட்டும்."

வேனே ஓவென்று கத்தியது. அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். நானும் சும்மா இருக்கவில்லை. "சரி சரி, மாப்பிள்ளை கையிலேயே இருக்கட்டும்" என்று கொடுத்துவிட்டேன்.

அவனைக் கெட்டவன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அட்டையை அறையில் மறந்துவைத்துவிட்டு ஒருமுறை வெளியே போய், பொலிசில் ஒரு நாள் முழுக்க இருந்து வந்தவன் அவன். அந்தக் காலத்தில் அட்டை இல்லாத தமிழ்ப் பிள்ளை தெருமுனை தாண்ட முடியாது என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் வைத்துக்கொண்டான்.

ஒரு வியாழக்கிழமை ஒத்திகை முடிந்து எல்லாரும் போன பிறகு அவள் மட்டும் நின்றாள்.

"மிஸ், அவருகிட்ட இருந்து என் ஐசிய வாங்கித் தாங்க மிஸ்."

"ஏன், நீ கேட்டா குடுக்க மாட்டானா?"

"இனி வேணாங்க, நம்ம பிரிஞ்சிருவோம்னு சொல்லிட்டேன். அதுக்கு, ஐசி இல்லாம வீட்டுக்கு எப்படிப் போறேன்னு பாப்போம்ங்கிறாரு. ஒரு மாசமா வீட்டுக்குப் போகல. போறதுன்னா அவரும் கூட வருவாராம். எனக்குப் பயமா இருக்கு மிஸ்."

எனக்கு வந்தது கோபம். அவன்மேல் இல்லை, அவள்மேல். சனிக்கிழமை ஒரு பெரிய கல்லூரியில் நாடகம். மண்டபம் நிறைய ஆட்கள். இப்போது அவனிடம் போய்க் கேட்டு, அவன் முறுக்கிக்கொண்டு போய்விட்டால் நான் எங்கே போய்க் கதாநாயகன் தேடுவேன்? "சனிக்கிழமை முடியட்டும். நானே அவனைக் கூப்பிட்டுப் பேசுறேன்" என்றேன். "சரிங்க மிஸ்" என்று போய்விட்டாள்.

சனிக்கிழமை காலையும் அதே சாவடி. அட்டைகளைச் சேர்த்தபோது அவளுடையதையும் அவன்தான் சட்டைப்பையிலிருந்து எடுத்துத் தந்தான். காட்டிவிட்டு வேனுக்குத் திரும்பி, ஒவ்வொன்றாகக் கொடுத்து வந்தேன். அவளுடைய அட்டை என் கையில் இருந்தது. அவன் வழக்கம்போல் கையை நீட்டினான். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு மணித்தியாலத்தில் நாடகம், இந்த நேரத்தில் வேனுக்குள் ஒரு சண்டையா? அவன் கையில் வைத்தேன். அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நாடகத்தில் அவனும் அவளும் பூங்காவில் ஒரு குடைக்குக் கீழ் உட்கார்ந்திருப்பார்கள். என்மேல் நம்பிக்கை இருந்தால் என் அறைக்கு வா என்பான் அவன். அவள் மாட்டேன் என்பாள், அவன் விடமாட்டான். அன்றைக்கு மூன்று பேர் நிறுத்தினார்கள். ஒருத்தி அழுது பார்த்தாள், ஒருத்தி வீட்டில் சொல்லுவேன் என்று மிரட்டினாள். ஒரு பையன் தோளில் துப்பட்டா போட்டுக்கொண்டு வந்து அவனை அறைவதுபோல் கை ஓங்க, மண்டபம் சிரித்து உருண்டது. மூன்று பேரையும் அவன் பேச்சிலேயே மடக்கிவிட்டான். எனக்கு ஒரே பெருமை.

மறுபடி அவள் குடைக்குக் கீழ் போய் உட்கார்ந்தாள். அவன் தன் வசனத்தைத் தொடங்கினான்.

"நிறுத்துங்க" என்றாள் அவள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சட்டம் என்ன, இவள் செய்வது என்ன! "நடிக்கிறவங்க நிறுத்த ஏலாது. தொடருங்க" என்று ஒலிவாங்கியிலேயே சொன்னேன்.

"அப்ப நான் நடிக்கல மிஸ்."

குடையை மடக்கி வைத்தாள். படியிறங்கி, முன்வரிசையில் காலியாக இருந்த ஒரு கதிரையில் போய் உட்கார்ந்தாள். அங்கிருந்து கையை உயர்த்தினாள்.

"நிறுத்துங்க!"

மண்டபம் கைதட்டியது. இதுவும் நாடகம் என்று நினைத்துக்கொண்டார்கள். அவள் ஏறி வந்து அவன் முன்னால் நின்றாள்.

"என் ஐசியக் குடு."

"பிறகு கதைப்பம்" என்றான், உதடு அசையாமல்.

"பிறகு இல்ல. இப்பவே குடு. அது என்னோடது."

மண்டபத்தின் பின்பக்கம் ஒரு பெண் "குடுங்க" என்று கத்தினாள். அப்புறம் நாலு பேர், அப்புறம் எல்லாரும். அவன் என்னைப் பார்த்தான். நான் ஒலிவாங்கியைக் கீழே இறக்கினேன். அவன் சட்டைப்பையில் கைவிட்டு எடுத்துக் கொடுத்தான். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மேடையிலிருந்து இறங்கி, கதிரைகளுக்கு நடுவே நடந்து வாசலைத் தாண்டிப் போனாள். அதற்கும் கைதட்டினார்கள்.

ஒலிவாங்கியை யார் கையிலோ திணித்துவிட்டுப் பின்னால் ஓடினேன். கல்லூரி வாசலுக்கு எதிரே பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். எனக்கு மூச்சு வாங்கியது.

"ஏம்மா, நான் பேசுறேன்னு சொன்னேன்தானே? இத்தனை பேருக்கு முன்னால கேக்கணுமா?"

"காலையில உங்க கையிலதானே மிஸ் இருந்துச்சு" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை.

டவுனுக்குப் போகிற பஸ் வந்து நின்றது. அட்டையைக் கையில் பிடித்தபடியே ஏறினாள். என் பிழை என்று அந்த நேரத்தில் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். "பார்த்துப் போ" என்றுதான் சொன்னேன்.