கிண்ணத்தின் அடிப்பக்கம்

பதிவுத்துறையில் ஓய்வுபெற்றவன் நான். முத்திரை இல்லாத எதையும் நம்பிப் பழக்கமில்லை. தேனியில் பழைய சாமான் கடை ஒன்றில் இரண்டு பீங்கான் தட்டுகள் வாங்கினேன். மூங்கில் இலை ஓவியம், பொன் விளிம்பு. வெயிலில் பிடித்தால் விரலின் நிழல் மறுபக்கம் தெரியும். சுதந்திரத்துக்குப் பிறகு ஏதோ ஓர் ஏலக்காய்த் தோட்டப் பங்களாவுக்கு வந்த செட் என்றார் கடைக்காரர். அடியில் ஜப்பான் என்ற ஆங்கில எழுத்து மிச்சமிருந்தது. எந்தச் சூளை என்று சொல்லும் படம் தேய்ந்துவிட்டது. அதை அறியாமல் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

அதே செட்டின் மூடிபோட்ட கிண்ணம், காலமான ஓர் ஏலக்காய் வியாபாரியின் வீட்டில் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போடிக்கு ரயிலேறினேன். பஸ்ஸில் பீங்கான் உடையும். எங்கள் மீட்டர்கேஜ் ரயிலின் வேகத்தில் முட்டைகூட உடையாது.

வியாபாரியின் மனைவி கிண்ணத்தைக் காட்டினார். விளிம்புவரை கோலமாவு.

"எங்க வீட்டுக்காரக தொரை பங்களா ஏலத்துல எடுத்தாக. அவுக மட்டும் கறி திங்கிறதுக்குன்னே வச்சிருந்தது. வீட்டுச் சில்வர் ஏனத்துல கறிய ஊத்த நான் விடமாட்டேன்ல."

அடியைப் பார்க்கலாமா என்றேன்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா கோலமாவக் கொட்டச் சொல்றீகளேண்ணே! அடுத்த வாரம் வாங்க, கழுவி உங்களுக்கே குடுத்துடுறேன்."

அடுத்த வாரம் கிண்ணம் பளபளத்தது. திருப்பினேன். முத்திரை இருக்க வேண்டிய இடத்தில் அவர் கணவரின் பெயர், வளைவு வளைவாக.

"பேரு வெட்டாம எந்தச் சாமானும் இந்த வீட்ட விட்டுப் போனதில்லண்ணே. அங்கன ஏதோ படம் அப்பியிருந்துச்சு. உப்புத்தாள் போட்டுத் தேச்சுட்டு வெட்டச் சொன்னேன். எழுத்து நல்லா விழுந்திருக்கா?"

"நல்லா விழுந்திருக்கும்மா." அதில் பொய்யில்லை. "என்ன படம் அது?"

"கொக்கு."

பெயர் வெட்டியவரைக் கடைவீதியில் தேடிப் பிடித்தேன். "கொக்கா? கிரீடம்ணே. தேச்ச எனக்குத் தெரியாதா?"

பக்கத்து டீக்கடைக்காரர் விடவில்லை. "ஏலே, கப்பலுடா அது! நீ தேய்க்கையில கிண்ணத்தப் பிடிச்சுக்கிட்டு இருந்தது யாரு?"

ஒரு பத்திரத்துக்கு இரண்டு சாட்சி போதும். எனக்கு மூன்று கிடைத்திருந்தன.

ரயில் தேனி வந்து சேரும்வரை கிண்ணத்தைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். பெயரின் கடைசி எழுத்துக்குக் கீழே மெல்லிய பச்சைக் கோடு ஒன்று தப்பியிருந்தது. கொக்கின் காலாக இருக்கலாம். கப்பலின் பாய்மரமாகவும் இருக்கலாம். கிரீடத்தை மட்டும் தள்ளுபடி செய்தேன்.