துடுப்புக்கு எலுமிச்சம்பழம்

கெமாஸ் அருகே செம்பனைத் தோட்டத்து முனியாண்டி கோவிலில் காரை நிறுத்துகிறோம். ஒரு வாரம் படகிலேயே தங்கி, ஆழ்கடலில் முக்குளிக்கப் போகிறேன். வழியனுப்ப வரும் மனைவி மேகலா ரஹாங் வீட்டில் காரில் ஏறியதிலிருந்து பேசவில்லை. இப்போது, காலில் மாட்டும் என் புது ரப்பர் துடுப்புகளைப் பூசாரியிடம் நீட்டுகிறாள்.

"புது மோட்டாருக்குத்தான் லா எலுமிச்சம்பழம் வைப்பேன். இத யாரு ஓட்டறது?"

"நான்தான் சாமி."

சிரித்தபடி தரையில் இரண்டு பழங்களை வைக்கிறார். துடுப்புகளை மாட்டிக்கொண்டு பழங்களை நசுக்கப் பின்பக்கமாக நடக்கிறேன்.

"ஐயோ, முன்னால ஏத்தணும் தம்பி!"

"இத மாட்டிட்டு முன்னால நடந்தா தடுக்கி விழுந்துருவேன் சாமி."

பூசாரியின் முகம் மாறுகிறது. பின்னால் போவது நல்லதில்லையே என்று முணுமுணுக்கிறார்.

மேகலா வாய் திறக்கிறாள். "அப்படியே பின்னால வரட்டும் சாமி. வீட்டுப் பக்கம் திரும்பி வர்ற காலுதானே எனக்கு வேணும்."