குடும்பப் பிரச்சினை, டாக்டர்

எண்பதுகளில் மலேசியாவின் கிள்ளானில் ஒரு மனநலக் கிளினிக்கில் தாதியாக இருந்தேன்; எல்லோருக்கும் நான் ‘மிஸ்ஸி’. டாக்டர் சீனப் பெண், தமிழ் தெரியாது. வருகிறவர்களுக்கோ மீன் வாங்கும் அளவுக்குத்தான் மலாய் வரும். மனசைத் திறக்கத் தமிழ்தான் வேண்டும். அதனால் மொழிபெயர்ப்பும் என் தலையில் விழுந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. பத்து நிமிடப் புலம்பலைப் பத்தே வார்த்தையில் முடித்துவிடுவேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, பக்கத்து ஊரான தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண் ஒருத்தி வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். சூப்பர்வைசர் மேல் தட்டை விட்டெறிந்திருக்கிறாள். அது மூன்றாவது சண்டையாம். டாக்டர் கடிதம் இருந்தால்தான் இனி வேலை என்று அனுப்பியிருந்தார்கள். ஒரு நாள் சிரிக்கிறாள், மறுநாள் எரிந்து விழுகிறாள், யாரோடும் ஒட்டுவதில்லை என்று ஒரு தாள் நிறையப் புகார். எனக்கும் அவளைப் பார்த்ததுமே பிடிக்கவில்லை. திமிர் பிடித்தவள் என்று முடிவு கட்டிவிட்டேன்.

ஏன் எறிந்தாய் என்று டாக்டர் கேட்டதைத் தமிழில் கேட்டேன்.

“பின்னால ஆம்பள யாராவது வந்து நின்னா ஒடம்பெல்லாம் பதறுது மிஸ்ஸி. அம்மா செத்ததும் என்னை மாமா வீட்டுல விட்டாங்க. அந்த மாமா...”

தரையைப் பார்த்தபடி முழுவதையும் சொன்னாள். எனக்குக் காது கூசியது.

டாக்டர் என் முகத்தைப் பார்த்தார்.

“குடும்பப் பிரச்சினை, டாக்டர்” என்றேன் ஆங்கிலத்தில். வேற்று இனத்து டாக்டரிடம் நம் வீட்டு அசிங்கத்தை எப்படிச் சொல்வது? நம் ஆட்களின் மானத்தைக் காப்பாற்றுவதாக எனக்கு நினைப்பு.

டாக்டர் ஃபைலில் எழுதினார். எட்டிப் பார்த்தேன். ஆளுமைக் கோளாறு என்று இருந்தது. அதாவது, இவள் சுபாவமே இப்படித்தான். அந்தச் சொல் கடிதத்தில் ஏறினால் வேலை போய்விடும் என்று எனக்குத் தெரியும்.

“நான் சொன்னத எல்லாம் சொல்லிட்டீங்களா மிஸ்ஸி?” என்று கேட்டாள்.

“சொல்லிட்டேன்மா.”

அவள் நிம்மதியாகத் தலையாட்டினாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், அவள் நம்பியதைத்தான் தாங்க முடியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. டாக்டர் பக்கம் திரும்பி, “நான் முக்கால்வாசியை விழுங்கிவிட்டேன். பின்னால் ஆண் யாராவது நின்றாலே இவளுக்கு உடம்பு பதறுமாம்” என்று ஒப்புக்கொண்டேன்.

டாக்டர் கோபப்படவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, பின்னால் யாரும் வராதபடி அவள் நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டார். பிறகு முதலிலிருந்து கேட்டார். அவள் நிறுத்திய இடத்தில் அவரும் நிறுத்தினார். இந்த முறை ஒரு வார்த்தைகூட விடாமல் சொன்னேன்.

“பயந்து பயந்து வளர்ந்தவர்களும் வெளியில் பார்க்க இப்படித்தான் இருப்பார்கள். இன்னும் பல தடவை பேச வேண்டும். ஒரே நாளில் நான் இதற்கு ஒரு நோய்ப் பெயர் வைத்திருக்கக் கூடாது” என்று சொல்லி, எழுதியதை அடித்தார். அவருக்கும் கொஞ்சம் வெட்கம்தான்.

கடிதத்தை டைப் அடித்துக் கொண்டுவந்தேன்.

“படிச்சுக் காட்டுங்க மிஸ்ஸி.”

தமிழில் படித்தேன். சிகிச்சைக்கு வருகிறார். வேலைக்குத் தகுதியானவர். பின்னால் ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் உட்கார வைக்கவும்.

“என் கொணத்தப் பத்தி ஒண்ணுமே எழுதலையா?”

“ஒண்ணும் இல்லம்மா.”

அவள் நம்பாமல் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன். கடிதத்தை வாங்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

“அப்ப நாளைக்கு வேலைக்குப் போறேன் லா” என்றாள்.